காப்பியிடம் கடன் வாங்கிய பால்சாக்

நள்ளிரவு மணி 12. பாரீஸ் நகரம் உறங்கிக் கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் மட்டும் மெழுகுவர்த்தி எரிகிறது. சன்னல் திரைகள் இறுக மூடியிருக்கின்றன.

குட்டையான, பருத்த மனிதர் ஒருவர் படுக்கையை விட்டு எழுகிறார். துறவிகள் அணிவது போன்ற நீண்ட வெள்ளை அங்கியை மாட்டிக் கொள்கிறார். சிறிய மேசையின் முன் உட்காருகிறார். பக்கத்தில் காப்பிப் பாத்திரம் சூடாக இருக்கிறது. ஒரு கோப்பை ஊற்றிக் குடிக்கிறார். பேனாவை எடுக்கிறார்.

பொழுது விடியும் வரை பேனா ஓடுகிறது. கை ஓய்ந்தால் காப்பி. மூளை சோர்ந்தால் காப்பி. பசி எடுத்தாலும் காப்பிதான்!

அவர்தான் ஆனரே டி பால்சாக். பிரெஞ்சு மொழியின் மாபெரும் நாவலாசிரியர். சுமார் 90 நாவல்களையும் கதைகளையும் எழுதிக் குவித்தவர். அவற்றில் 2,000-க்கு மேற்பட்ட பாத்திரங்களை உலவ விட்டவர். 51-வது வயதிலேயே மறைந்து போனவர்.

காப்பி பசியை அடக்குமா? அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? உடம்பை இளைக்க வைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு இன்று விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கூடங்களில் விடை தேடுகிறார்கள். பால்சாக்கோ தம் சொந்த உடம்பையே ஆராய்ச்சிக் கூடம் ஆக்கி விட்டார். அவருடைய வாழ்க்கை ஒரு நாவலைவிடச் சுவையானது. ஒரு பாடமும் கூட.

தாய் மடி அறியாத பிள்ளை

பிரான்சு நாட்டில் தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1799-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பால்சாக் பிறந்தார்.

தந்தை உழவர் குடும்பத்தில் பிறந்து, சொந்த முயற்சியால் மேலே வந்தவர். ராணுவத்துக்கு உணவுப் பொருள் வழங்கும் இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். அவருக்குக் கலியாணம் நடந்தபோது வயது 50. மணப்பெண்ணுக்கு வயது 18!

குழந்தை பிறந்ததும் அதை வேறொரு வீட்டுச் செவிலித் தாயிடம் கொடுத்து விட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் வீடு திரும்பியது. வந்த பிறகும் தாயின் அன்பு கிடைக்கவில்லை. தங்கை லோர் ஒருத்திதான் அவருக்குத் துணை.

8 வயதில் வாந்தோம் என்ற ஊரிலுள்ள விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே 6 ஆண்டுகள். விடுமுறைக்குக் கூட வீட்டுக்குப் போக முடியாது. தாய் வந்து பார்த்ததும் மிகவும் அபூர்வம். பள்ளியில் கண்டிப்பு அதிகம். பாடத்தில் கவனம் இல்லை என்று அடிக்கடி பையனைத் தனி அறையில் அடைத்துப் போட்டார்கள். பையனுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. கிடைத்த புத்தகங்களை எல்லாம் அங்கே உட்கார்ந்து படித்துத் தீர்த்தான்.

1813-ல் அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். உடல் மெலிந்து போயிருந்தது. கண்ணைத் திறந்து கொண்டே தூங்குகிறவன் போல் நடமாடினான். வீட்டுச் சாப்பாடும் திறந்த வெளிக் காற்றும் அவனைத் தேற்றின. உடம்பைப் பட்டினி போட்டு மூளைக்கு மட்டும் தீனி போடுகிற பழக்கம் அன்றே தொடங்கி விட்டது.

மாடி அறையில் பட்டினி

1814-ல் குடும்பம் பாரீசுக்குக் குடியேறியது. பால்சாக் சட்டம் படித்தார். வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தார். பிறகு பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். கடன், உயில், வரதட்சணை, பாகப் பிரிவினை என்று மனிதர்கள் பணத்துக்காக அடித்துக் கொள்வதை எல்லாம் அங்கேதான் கண்ணாரக் கண்டார். பின்னால் அவருடைய நாவல்களுக்கு அதுவே மூலதனம் ஆயிற்று.

1819-ல் வீட்டில் ஒரு வெடிகுண்டைப் போட்டார். வக்கீல் தொழில் வேண்டாம். எழுத்தாளன் ஆகப் போகிறேன் என்றார். வீடு அமளிப்பட்டது. கடைசியில் தந்தை ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு ஆண்டு தவணை. அதற்குள் திறமையைக் காட்ட வேண்டும். செலவுக்குச் சிறிது பணம் தருவார்கள்.

பாரீசில் கூரையை ஒட்டிய ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார். குளிர் காலத்தில் நடுங்கும், கோடையில் கொதிக்கும். அங்கே அரை வயிறும் கால் வயிறுமாக உட்கார்ந்து ஒரு சோக நாடகம் எழுதினார். குடும்பத்தாரைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டினார். எல்லோருக்கும் கொட்டாவி வந்தது. பேராசிரியர் ஒருவரிடம் நாடகத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். இந்தப் பிள்ளை வேறு எந்தத் தொழிலையும் செய்யலாம், எழுத்தை மட்டும் தொட வேண்டாம் என்று அவர் சொல்லி விட்டார்!

பால்சாக் மனம் தளரவில்லை. புனைபெயர்களில் மலிவான கதைகளை எழுதிப் பிழைத்தார்.

அதே 1819-ல் ஜெர்மனியில் வேறொரு சம்பவம் நடந்தது. மகாகவி கெதே, ருங்கே என்ற இளம் இரசாயன அறிஞரிடம் கொஞ்சம் காப்பிக் கொட்டையைக் கொடுத்தார். இதில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து பாருங்கள் என்றார். ருங்கே ஆராய்ந்தார். தூக்கத்தை விரட்டும் வெள்ளைப் பொருள் ஒன்றைப் பிரித்து எடுத்தார். அதுதான் காபீன். அங்கே ஒருவர் காபீனைக் கண்டு பிடித்தார். இங்கே ஒருவர் காபீனுக்கு அடிமையாகும் பாதையில் முதல் அடி எடுத்து வைத்தார்.

60,000 பிராங்கு கடன்

எழுதிப் பிழைப்பதைவிடப் புத்தகம் போட்டுப் பிழைப்பது சுலபம் என்று பால்சாக்குக்கு ஒரு யோசனை தோன்றியது. 1825-ல் புத்தகப் பதிப்பில் இறங்கினார். நஷ்டம். அதை ஈடு கட்ட அச்சுக்கூடம் வாங்கினார். நஷ்டம். அதையும் ஈடு கட்ட எழுத்து வார்க்கும் பட்டறையில் பணம் போட்டார். அதிலும் நஷ்டம்!

1828-ல் எல்லாம் மூழ்கியது. கையில் மிஞ்சியது சுமார் 60,000 பிராங்கு கடன். அதில் பெரும் பகுதி பெற்ற தாய்க்கே கொடுக்க வேண்டிய கடன். சாகும் வரை அவர் கடனிலிருந்து மீளவே இல்லை.

1829-ல் தம் சொந்தப் பெயரில் முதல் நாவலை வெளியிட்டார். பெயர் பரவத் தொடங்கியது. 1831-ல் 'மாயத் தோல்' பற்றிய நாவல் வந்தது. 1833-ல் 'யூஜினி கிராந்தே'. அடுத்து 'கோரியோ கிழவர்'. ஐரோப்பா முழுவதும் அவர் பேரைச் சொல்லிற்று.

பணமும் வந்தது. வந்ததைவிட வேகமாகப் போயிற்று. குதிரை வண்டி, விலை உயர்ந்த உடுப்பு, கல் இழைத்த கைத்தடி! எழுதாத நாவலுக்கு முன்பணம் வாங்குவார். அந்தப் பணத்தைச் செலவழித்து விடுவார். பதிப்பாளர் கழுத்தைப் பிடிப்பார். உடனே இரவும் பகலும் எழுத வேண்டும்.

பாஸி என்ற பகுதியில் 1840 முதல் 1847 வரை அவர் குடியிருந்த வீடு வேறொருவர் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்டது. அதற்கு இரண்டு வாசல்கள். கடன்காரர் முன் வாசலில் வந்தால், ஆசிரியர் பின் வாசலில் இறங்கி வேறு தெருவுக்குப் போய் விடலாம். அந்த வீடு இன்று காட்சிச்சாலையாக இருக்கிறது. அவருடைய எழுதும் மேசையும் காப்பிப் பாத்திரமும் அங்கே இருக்கின்றன.

மூன்று கடை, மூன்று கொட்டை

பால்சாக்கின் தினசரி வேலைத் திட்டம் விசித்திரமானது. மாலை 6 மணிக்குப் படுப்பார். நள்ளிரவில் எழுப்பச் சொல்வார். காலை 8 மணி வரை எழுத்து. பிறகு குளியல். பிறகு அச்சுக்கூடத்திலிருந்து வந்த புரூப் தாள்களில் திருத்தம். திருத்தம் என்றால் சாதாரணத் திருத்தம் அல்ல. தாளின் நான்கு பக்கமும் புதிய வரிகளை எழுதி நிரப்பி விடுவார். அச்சுக் கோக்கிறவர்கள் அவர் கையெழுத்தைக் கண்டாலே நடுங்குவார்கள்.

இத்தனைக்கும் எண்ணெய் எது? காப்பி!

காப்பி தயாரிக்கும் வேலையை அவர் பிறரிடம் விட மாட்டார். மூன்று வகைக் கொட்டைகளைக் கலப்பார். ஒன்று பூர்போன் தீவில் விளைந்தது. மற்றொன்று மார்த்தினிக் தீவிலிருந்து வந்தது. மூன்றாவது அரபு நாட்டின் மோக்கா. மூன்றும் ஒரே கடையில் நல்லதாகக் கிடைக்காது என்பது அவர் கட்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடை. மூன்று கடைகளும் பாரீசின் மூன்று மூலைகளில் இருந்தன. ஒரு சாமான் வாங்க அரைநாள் அலைவார். கடன்காரருக்குப் பயந்து ஒளிகிறவர், காப்பிக் கொட்டைக்காக மட்டும் தைரியமாக ஊர் சுற்றுவார்!

தினம் 50 கோப்பை குடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது கதையேதான். ஒரு கோப்பைக் கடுங்காப்பியில் சுமார் 80 முதல் 100 மில்லிகிராம் காபீன் இருக்கும். 50 கோப்பை என்றால் 4 கிராமுக்குக் குறையாது. அதை எந்த மனிதனும் தினந்தோறும் தாங்க முடியாது. ஆனால் வேலை நேரத்தில் அவருடைய பாத்திரம் வற்றவில்லை என்பது உண்மை.

பட்டினி ஒரு நாள், விருந்து ஒரு நாள்

ஒரு நாவலில் இறங்கி விட்டால் பால்சாக் சரியாகச் சாப்பிட மாட்டார். கொஞ்சம் பழம். ஒரு முட்டை. வெண்ணெய் தடவிய ரொட்டி. அவ்வளவுதான். வயிறு நிறைந்தால் மூளை தூங்கி விடும் என்று எண்ணினார். காப்பியே பசியைப் பார்த்துக் கொண்டது.

நாவல் முடிந்ததும் ஆள் மாறி விடுவார். அச்சுக்கூடத்துக்குத் தாளை அனுப்பி விட்டு நேரே ஓட்டலுக்குப் போவார். அவருடைய பதிப்பாளர் வெர்தே அப்படி ஒரு சாப்பாட்டைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கடல் சிப்பி 100. ஆட்டுக்கறித் துண்டு 12. முழு வாத்து ஒன்று. வறுத்த கவுதாரி இரண்டு. பெரிய மீன் ஒன்று. அப்புறம் இனிப்பு, பேரிக்காய், மது. இவ்வளவும் ஒரே ஆள், ஒரே வேளையில்! பில் பதிப்பாளர் வீட்டுக்குப் போயிற்று.

எந்தக் காப்பி பசியைக் கொன்றது என்று அவர் நினைத்தாரோ, அது பசியைக் கொல்லவில்லை. தள்ளிப் போட்டது. அவ்வளவே. காத்திருந்த பசி வட்டியோடு வந்து சேர்ந்தது. இளம் வயதில் மெலிந்திருந்தவர் 40 வயதுக்குள் தொந்தியும் தொப்பையுமாக ஆகி விட்டார். காப்பி அவரை இளைக்க வைக்கவில்லை.

தாமே எழுதிய காப்பி சாத்திரம்

1839-ல் பால்சாக் ஒரு கட்டுரை எழுதினார். சாராயம், சர்க்கரை, தேயிலை, காப்பி, புகையிலை ஆகிய ஐந்தும் மனிதனை எப்படி ஆட்டி வைக்கின்றன என்பதே பொருள். உணவுச் சுவை பற்றிப் பிரியா சவரேன் என்ற அறிஞர் எழுதிய புகழ் பெற்ற நூலின் புதிய பதிப்போடு அது சேர்ந்து வெளிவந்தது.

காப்பியின் சக்தி நிலைத்து நிற்காது என்பதை அதில் அவர் ஒப்புக் கொண்டிருக்கிறார். இத்தாலிய இசை மேதை ரொசினியும் அவரிடம் இதையே சொன்னாராம். காப்பி 15 அல்லது 20 நாள்தான் வேலை செய்யும். நல்ல வேளையாக ஓர் இசை நாடகம் எழுத அது போதும் என்பது ரொசினியின் அனுபவம். அதற்குப் பிறகு அதே அளவு காப்பியில் அதே ஊக்கம் வராது. அளவைக் கூட்ட வேண்டும்.

பால்சாக் கூட்டினார். தண்ணீரைக் குறைத்தார், தூளை அதிகமாக்கினார். அதுவும் போதாமல் போனபோது இன்னும் கொடிய வழி ஒன்றைக் கையாண்டார். மிகக் கெட்டியான காப்பியை வெறும் வயிற்றில் குடித்தார். உடனே சிந்தனைகள் போர்ப்படை போலத் திரண்டு வருவதாக வர்ணித்திருக்கிறார். கூடவே, வயிற்றின் உட்சுவரை அது தாக்குகிறது என்றும் எழுதியிருக்கிறார். எல்லோரும் இதைச் செய்யக் கூடாது என்று எச்சரிக்கை வேறு!

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. ஒரு நண்பர் மறுநாளே ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பால்சாக் இந்த வெறும் வயிற்றுக் காப்பியைச் சிபாரிசு செய்தார். நண்பர் குடித்தார். விஷம் குடித்து விட்டதாகவே நினைத்துப் படுக்கையில் விழுந்து விட்டார்!

இன்னொரு வேடிக்கையையும் அவர் கவனித்திருந்தார். காப்பி குடித்தால் அறிவு வரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அறுவை மன்னன் காப்பி குடித்தால் இன்னும் அதிகமாக அறுப்பான் என்பது பால்சாக்கின் தீர்ப்பு.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

பால்சாக் ஊகித்தவற்றில் சில சரி, சில தவறு. இன்று தெளிவாகத் தெரிந்திருக்கும் செய்திகள் இவை:

மனிதன் விழித்திருந்து வேலை செய்யச் செய்ய, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து கொண்டே வரும். அதற்கென்று மூளையில் ஆசனங்கள் இருக்கின்றன. அடினோசின் அங்கே போய் உட்கார்ந்தால் களைப்பு வரும், தூக்கம் வரும். காபீனின் உருவம் அடினோசினைப் போன்றது. அது முந்திக் கொண்டு போய் ஆசனத்தைப் பிடித்துக் கொள்கிறது. தூங்கு என்ற கட்டளை மூளைக்கு எட்டுவதில்லை.

களைப்பு தீரவில்லை, மறைக்கப்பட்டது. காபீன் எழுந்து போனதும், காத்திருந்த அடினோசின் முழுவதும் வந்து உட்காருகிறது. குடித்த காபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இது ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும்.

நாள்தோறும் காப்பி குடிப்பவர்களின் மூளை ஒரு தந்திரம் செய்கிறது. புதிய ஆசனங்களைப் போட்டுக் கொள்கிறது. அதனால் பழைய அளவுக் காப்பி போதாமல் போகிறது. ரொசினியின் 15 நாள் கணக்குக்கு விளக்கம் இதுதான்.

இனிப் பசி. காப்பி குடித்தால் பசி மந்தப்படுவதாகப் பலர் உணர்கிறார்கள். சோதனைகளின் முடிவு ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில், காப்பி குடித்தவர்கள் அடுத்த வேளை சிறிது குறைவாகச் சாப்பிட்டார்கள். வேறு சிலவற்றில் ஒரு வித்தியாசமும் இல்லை. பசி குறைந்தாலும் அது சிறிதளவே, சிறிது நேரமே. காப்பி சாப்பாட்டுக்கு ஈடு அல்ல. பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பியில் உணவுச் சத்து இல்லை என்றே சொல்லலாம்.

அடுத்தது உடம்பின் அடுப்பு. உண்ட உணவை உடம்பு எரித்துச் சக்தியாக்கும் வேலையை வளர்சிதை மாற்றம் என்று சொல்வார்கள். சும்மா படுத்திருந்தாலும் இந்த அடுப்பு எரிந்து கொண்டேயிருக்கும். ஒரு கோப்பைக் காப்பியில் உள்ள 100 மில்லிகிராம் காபீன் இந்த அடுப்பை 100-க்கு 3 அல்லது 4 பங்கு அதிகமாக எரிய வைக்கிறது. அதுவும் சுமார் 2½ மணி நேரம்தான்.

இதனால் உடம்பு இளைத்து விடுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓய்வாக இருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 60 அல்லது 70 கலோரி எரிக்கிறார். 2½ மணி நேரத்தில் ஏறத்தாழ 160 கலோரி. அதில் 100-க்கு 4 பங்கு என்றாலும் 6 கலோரிதான். ஒரு சிறு கரண்டிச் சர்க்கரையில் 16 கலோரி இருக்கிறது. மூன்று கோப்பைக் காப்பி கூடுதலாக எரிப்பதை ஒரே கரண்டிச் சர்க்கரை ஈடு கட்டி விடும்! இளைப்பதற்காகக் காப்பி குடிப்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

வயிற்று எரிச்சல் பற்றிப் பால்சாக் எழுதியதில் ஓரளவு உண்மை இருக்கிறது. காப்பி, வயிற்றில் அமிலம் சுரப்பதை அதிகமாக்கும். சிலருக்கு அது நெஞ்செரிச்சல் தரும். குடலையும் அது முடுக்கி விடும். காலையில் காப்பி குடித்ததும் சிலர் அவசரமாக எழுந்து போவது அதனால்தான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தூக்கம். சரியாகத் தூங்காதவர்களுக்குப் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. போதும் என்று சொல்லும் சுரப்பு குறைகிறது என்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே காப்பி ஒரு கையால் பசியைக் கொஞ்சம் அடக்குகிறது. தூக்கத்தைக் கெடுத்தால் மறு கையால் அதை அதிகமாகத் தூண்டி விடுகிறது. 100 சிப்பியும் 12 துண்டுக் கறியும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

சுருங்கும் தோல்

1831-ல் பால்சாக் எழுதிய 'மாயத் தோல்' கதையில், வாழ்க்கையை வெறுத்த ஓர் இளைஞனுக்கு ஒரு பழஞ்சாமான் கடையில் காட்டுக் கழுதைத் தோல் ஒன்று கிடைக்கிறது. எதை விரும்பினாலும் அந்தத் தோல் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு விருப்பம் நிறைவேறும்போதும் தோல் சிறிது சுருங்கும். அதோடு அவன் ஆயுளும் சுருங்கும். செல்வம் வருகிறது, காதல் வருகிறது, தோல் கைக்குட்டையைவிடச் சிறியதாகிறது. கடைசியில் அவன் சாகிறான்.

பால்சாக் தம் கதையைத் தாமே எழுதிக் கொண்டது போல் இருக்கிறது அது. ஒவ்வொரு நாவலும் அவருடைய ஆயுளில் ஒரு துண்டை வாங்கிக் கொண்டது.

1836-ல் சாஷே என்ற கிராமத்தில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது தலை சுற்றிக் கீழே விழுந்தார். குடும்ப டாக்டர் நக்கார், ஓய்வு எடுக்கும்படி பல முறை எச்சரித்தார். கடன்காரர்கள் ஓய்வு கொடுக்கத் தயாராக இல்லை. பால்சாக் மறுபடியும் காப்பியையே நாடினார்.

18 ஆண்டு காத்த காதல்

1832-ல் பால்சாக்குக்கு ஒரு கடிதம் வந்தது. ருஷ்யப் பேரரசைச் சேர்ந்த ஒடெசா நகரிலிருந்து வந்த கடிதம் அது. எழுதியவர் பெயர் இல்லை. அயல் நாட்டுப் பெண் என்று மட்டும் கையொப்பம் இருந்தது.

அவர் ஏவலின் ஹான்ஸ்கா என்ற போலந்துச் சீமாட்டி. உக்ரேனில் பெரிய பண்ணைக்குச் சொந்தக்காரரின் மனைவி. 1833-ல் சுவிட்சர்லாந்தில் இருவரும் முதல் முறை சந்தித்தார்கள். அதன் பிறகு கடிதமே வாழ்க்கை ஆயிற்று. தம் வேலை, கடன், வயிற்று வலி, காப்பி எல்லாவற்றையும் பால்சாக் அந்த அம்மையாருக்கு எழுதித் தள்ளினார்.

1841-ல் அம்மையாரின் கணவர் இறந்தார். இனித் தடை இல்லை என்று பால்சாக் துள்ளிக் குதித்தார். ஆனால் சொத்து, மகள், அரசாங்க அனுமதி என்று தடைமேல் தடை வந்தது. 1850-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி உக்ரேனில் பெர்திச்சேவ் என்ற ஊரில் திருமணம் நடந்தது. முதல் கடிதத்துக்கும் மாலைக்கும் இடையே 18 ஆண்டுகள்!

மாப்பிள்ளைக்கு அப்போது மாடிப்படி ஏற முடியவில்லை. மூச்சு வாங்கியது. இதயம் வீங்கியிருந்தது. கண் பார்வையும் மங்கியிருந்தது.

மே மாதம் தம்பதிகள் பாரீஸ் வந்து சேர்ந்தார்கள். புது மனைவிக்காகப் பால்சாக் அலங்கரித்து வைத்திருந்த வீடு. உள்ளே விளக்குகள் எரிந்தன. எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லை. பூட்டுத் திறப்பவனை அழைத்து வந்து திறந்தார்கள். வேலைக்காரனுக்குப் புத்தி பேதலித்திருந்தது! அப்படித்தான் அமைந்தது புதுமணத் தம்பதிகளின் முதல் இரவு.

பால்சாக் படுக்கையில் விழுந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. கால்கள் வீங்கின. 1850-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி இரவு உயிர் பிரிந்தது. அன்று மாலை பெருங்கவிஞர் விக்தர் ஹியூகோ வந்து பார்த்து விட்டுப் போனார். மூன்று நாள் கழித்து நடந்த சவ அடக்கத்தில் கல்லறை அருகே நின்று பேசியவரும் அவரே.

காப்பிதான் கொன்றதா?

பழைய இதய நோய், இரவு வேலை, அளவு மீறிய காப்பி ஆகிய மூன்றையும் டாக்டர் நக்கார் காரணமாகச் சொன்னார். அந்த நாளில் பலரும் காப்பியே கொன்றது என்று பேசினார்கள். இன்றைய டாக்டர்கள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். 20 ஆண்டு தூக்கமின்மை, மாறி மாறி வந்த பட்டினியும் பெருந்தீனியும், பருத்த உடம்பு, ஓயாத கவலை என்று எதிரிகள் பலர். காப்பி அந்தக் கூட்டத்துக்குக் கதவைத் திறந்து விட்டது என்று சொல்லலாம்.

அளவோடு குடித்தால் பெரும்பாலோருக்குக் காப்பி கெடுதல் அல்ல. நல்ல உடல்நிலை உள்ள பெரியவர்கள் நாளைக்கு 400 மில்லிகிராம் காபீனுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதாவது நடுத்தரக் கோப்பை நான்கு. கர்ப்பிணிகள் 200 மில்லிகிராமுக்குள் நிறுத்திக் கொள்ள வேண்டும். வழக்கமாகக் காப்பி குடிப்பவர்களுக்கு நீரிழிவு வருவது குறைவு என்று கூட, பெரும் எண்ணிக்கையான மக்களைக் கவனித்த ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. ஆனால் அதற்காக யாரும் புதிதாகக் குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை.

சில விஷயங்களை மட்டும் வீட்டில் கவனித்துக் கொள்ள வேண்டும். சாப்பாட்டோடும், சாப்பிட்ட கையோடும் காப்பி குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்த சோகை உள்ள பெண்களுக்கு இது முக்கியம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் அந்தத் தொல்லை இல்லை. வயிற்று எரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். மாலைக்கு மேல் குடித்தால் தூக்கம் போகும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் சாப்பாட்டை விட்டு விட்டுக் காப்பியைக் குடித்து இரவெல்லாம் கண் விழிப்பது, பால்சாக் போன அதே பாதைதான்.

பால்சாக் இரண்டு பேரிடம் கடன் வாங்கினார். ஒன்று ஊராரிடம் பட்ட பணக் கடன். மற்றொன்று சொந்த உடம்பிடம் பட்ட கடன். காப்பி புதிதாக ஒரு சக்தியையும் கொடுக்கவில்லை. நாளைய சக்தியை இன்றே எடுத்துக் கொடுத்தது.

அவர் மறைந்த பிறகு பணக் கடனை மனைவி ஏவலின் அடைத்தார். உடம்பிடம் பட்ட கடனை அவர் ஒருவரே அடைக்க வேண்டியிருந்தது. 51-வது வயதில் அடைத்து விட்டார்.